பேட்டரி கேட்காத கண்: ஜகதீஷ் சந்திர போஸும் அவர் விட்டுப்போன ஒளி உணரியும்

2011 டிசம்பர் 30. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்த காலை. குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்களும் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில், உள்ளே தள்ளி இருந்த சில கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கூப்பிடு தூரத்தில் நெய்வேலி அனல்மின் நிலையம். ஆனாலும் இருட்டு. செல்போன் டவர்களும் டீசல் தீர்ந்ததும் ஒவ்வொன்றாக அடங்கின. கையில் போன் இருந்தது, பேசத்தான் வழி இல்லை.

அந்த மாதிரி நேரத்தில்தான் ஒரு கேள்வி உறைக்கும். தகவல் அனுப்பும், வாங்கும் கருவிகள் எல்லாம் ஏன் எப்போதும் ஒரு பேட்டரியையோ, ஒரு பிளக் பாயின்ட்டையோ நம்பியே இருக்கின்றன? வருகிற சிக்னலிலிருந்தே தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொள்ளும் கருவி கிடையாதா?

உண்டு. இன்று உலகம் முழுக்கப் பல ஆய்வகங்கள் அதன் பின்னால் ஓடுகின்றன. ஆங்கிலத்தில் 'செல்ஃப் பவர்டு போட்டோ டிடெக்டர்' என்கிறார்கள். நம்ம பாஷையில் சொன்னால், தன் சக்தியில் தானே இயங்கும் ஒளி உணரி. வெளிச்சம் பட்டால் அதுவே மின்சாரத்தை உண்டாக்கும், அந்த மின்சாரமே செய்தியாகவும் இருக்கும். விலையும் குறைவாக இருக்க வேண்டும் என்பது இதில் சேர்ந்த இன்னொரு நிபந்தனை.

இந்தக் கதையின் ஆரம்பப் பக்கங்களில் ஒரு இந்தியர் இருக்கிறார். பள்ளிப் பாடப்புத்தகத்தில் செடிக்கு உயிர் இருக்கிறது என்று காட்டியவராக மட்டும் நமக்கு அறிமுகமான ஜகதீஷ் சந்திர போஸ்.

வெளிச்சத்துல டேட்டா போகுமா?

போஸிடம் போவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடலாம். உங்கள் வீட்டு டிவி ரிமோட் செய்வது இதைத்தான். பட்டனை அழுத்தினால் அதன் முனையில் உள்ள எல்.இ.டி. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விட்டுவிட்டுச் சிமிட்டுகிறது. டிவியில் உள்ள உணரி அந்தச் சிமிட்டலைப் படிக்கிறது. ஒயர் கிடையாது, ரேடியோ அலையும் கிடையாது. வெறும் வெளிச்சம்.

இதே வேலையை மிக வேகமாகச் செய்தால் இன்டர்நெட்டே அனுப்பலாம். 2011-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஹரால்ட் ஹாஸ் ஒரு மேடையில் மேசை விளக்கின் ஒளியிலேயே வீடியோ அனுப்பிக் காட்டி, அதற்கு 'லை-ஃபை' என்று பெயர் வைத்தார். 2023-ல் அதற்கென்று சர்வதேசத் தரநிலையும் வந்துவிட்டது. ஆந்திராவில் ஃபைபர் கேபிள் இழுக்கச் சிரமமான இடங்களுக்குக் கம்பத்துக்குக் கம்பம் ஒளிக்கற்றை வழியாக இணைப்புக் கொடுக்கும் திட்டம் 2017-ல் அறிவிக்கப்பட்டது.

இதற்கெல்லாம் முந்தியவர் கிரகாம் பெல். டெலிபோன் கண்டுபிடித்த அதே பெல்தான். 1880-ல் வாஷிங்டனில் ஒரு பள்ளிக்கூட மாடியிலிருந்து 213 மீட்டர் தூரத்துக்குச் சூரிய ஒளியில் பேச்சை அனுப்பினார். பேசுகிற குரல் ஒரு மெல்லிய கண்ணாடியை அதிரவைக்கும், அதில் பட்டுத் திரும்பும் வெயிலும் கூடவே அதிரும், எதிர்முனையில் செலினியம் என்கிற பொருள் அந்த ஒளி மாற்றத்தை உணரும். டெலிபோனைவிட இதையே தன் பெரிய கண்டுபிடிப்பாக அவர் நினைத்தார். ஆனால் மேகம் வந்தால் பேச்சு நின்றுவிடும். செலினியத்துக்கோ கூடவே ஒரு பேட்டரி வேண்டும்.

ஆக அனுப்புவதைவிடப் பெரிய சிக்கல் வாங்குவதில் இருந்தது. நல்ல, மலிவான, அலட்டல் இல்லாத ஒரு 'கண்' வேண்டும்.

சம்பளம் வாங்காத பேராசிரியர்

ஜகதீஷ் சந்திர போஸ் பிறந்தது 1858 நவம்பர் 30. இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் மைமன்சிங். அப்பா பகவான் சந்திர போஸ் துணை மாஜிஸ்திரேட். அந்தப் பதவியில் இருப்பவர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் போடுவதுதான் அன்றைய வழக்கம். இவரோ மகனைத் தாய்மொழிப் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே ஒரு பக்கம் அப்பாவின் முஸ்லிம் பணியாளரின் மகன், இன்னொரு பக்கம் மீனவர் மகன். அவர்கள் சொன்ன நீர், மீன், பறவைக் கதைகள்தான் இயற்கையைக் கவனிக்கும் பழக்கத்தைத் தந்தன என்று பின்னாளில் போஸே நினைவுகூர்ந்திருக்கிறார்.

பிறகு கொல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரி. அங்கே லஃபோன் என்ற பாதிரியார் செய்முறைகளோடு இயற்பியல் நடத்துவார், பையன் அதில் விழுந்தான். 1880-ல் மருத்துவம் படிக்க லண்டன் போனார். காய்ச்சல் விடவில்லை, மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் சேர்ந்தார். அங்கே ஆசிரியர் ராலே பிரபு. ஒளியையும் ஒலியையும் கரைத்துக் குடித்தவர்.

1885-ல் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. கிடைத்தது என்பதைவிட, வேண்டாவெறுப்பாகக் கொடுக்கப்பட்டது என்பதே சரி. இந்தியருக்கு இயற்பியல் வராது என்று நம்பிய நிர்வாகம் அது. வெள்ளைக்காரப் பேராசிரியர் வாங்குவதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. அதிலும் தற்காலிக நியமனம் என்று பாதியை வெட்டினார்கள். மிஞ்சியது மூன்றில் ஒரு பங்கு.

போஸ் மனு எழுதிக்கொண்டிருக்கவில்லை. தினமும் கல்லூரிக்குப் போனார், பாடம் நடத்தினார், சம்பளத்தைத் தொடவில்லை. ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, மூன்று ஆண்டு. வீட்டில் அப்பாவின் கடன் வேறு கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து மூன்று ஆண்டுக்கான முழுச் சம்பளத்தையும் மொத்தமாகக் கொடுத்தது. அது கடனுக்குப் போனது.

இடையில் 1887-ல் திருமணம். மனைவி அபலா, தமிழ்நாட்டுக்குக் கொஞ்சம் வேண்டப்பட்டவர். வங்காளத்தில் பெண்களுக்கு மருத்துவக் கல்லூரிக் கதவு திறக்காத காலத்தில், உதவித்தொகை வாங்கிக்கொண்டு 1882-ல் சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தவர். உடம்பு ஒத்துழைக்காததால் படிப்பை முடிக்க முடியவில்லை. பின்னாளில் பெண் கல்விக்காகப் பெரிய வேலைகள் செய்தார். அவரைப் பற்றியே தனியாக எழுதலாம்.

24 சதுர அடி ஆய்வகம்

கல்லூரியில் ஆய்வகம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. 24 சதுர அடியில் ஒரு சின்ன அறை. நம்ம வீட்டு ஸ்டோர் ரூமே அதைவிடப் பெரிசாக இருக்கும். 1894-ல், தன் 36-வது பிறந்தநாளில், இனி ஆராய்ச்சிதான் என்று முடிவு செய்தார் போஸ். கருவி செய்யப் பக்கத்துத் தெருவிலிருந்து பயிற்சி இல்லாத ஒரு தகரக் கொல்லரைப் பிடித்தார்.

அப்போது ஐரோப்பாவில் ஹெர்ட்ஸின் மின்காந்த அலைகள்தான் பேச்சு. ஒளியும் ரேடியோ அலையும் ஒரே குடும்பம், நீளம்தான் வேறு என்று மேக்ஸ்வெல் கணக்குப் போட்டிருந்தார். ஆனால் ஹெர்ட்ஸின் அலைகள் ரொம்ப நீளம். அவற்றை ஒளி மாதிரி வளைத்து, பிரதிபலித்துப் பார்க்க வீடு அளவுக்குக் கருவி வேண்டும். போஸ் எதிர்த்திசையில் போனார். அலையைச் சுருக்கிச் சுருக்கி 5 மில்லிமீட்டர் வரை கொண்டுவந்தார். அதாவது 60 கிகாஹெர்ட்ஸ். இன்றைக்கு 5ஜி பற்றிப் பேசும்போது 'மில்லிமீட்டர் அலை' என்கிறார்களே, அதே வட்டாரம். ஒரு மேசையில் எல்லாமே அடங்கிவிட்டது.

செலவைப் பாருங்கள். அலையை ஒரு திசையில் மட்டும் அதிரவைக்கும் வடிகட்டி வேண்டும். போஸ் ஒரு ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தை எடுத்து, தாள்களுக்கு நடுவே தகரத் தாளைச் செருகினார். வேலை முடிந்தது. சர்க்கரைக் கரைசல் ஒளியை முறுக்குகிற மாதிரி இந்த அலையையும் முறுக்க முடியுமா என்று பார்க்க, சணல் நாரைத் திரித்துக் கட்டாக வைத்தார். அதுவும் வேலை செய்தது. வங்காளத்தில் சணலுக்கா பஞ்சம்!

1895-ல் கொல்கத்தா டவுன் ஹாலில் பொதுமக்கள் முன்னால் செய்து காட்டினார். அலை சுவரையும் மனித உடம்பையும் தாண்டிப் போய் ஒரு மணியை அடித்தது, தள்ளி வைத்திருந்த வெடிமருந்தைப் பற்றவைத்தது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் அதையே அறிஞர்கள் முன்னால் செய்தார். இந்தக் கருவித் தொகுப்பைத்தான் 2012-ல் ஐ.இ.இ.இ. அமைப்பு உலகின் முதல் மில்லிமீட்டர் அலைத் தொடர்புச் சோதனை என்று மைல்கல் பட்டியலில் சேர்த்தது.

துருப்பிடித்த தூளும் ஈயக் கல்லும்

அலையை உண்டாக்கியாச்சு. அதைப் பிடிப்பது? அன்றைக்கு இருந்த ஒரே நல்ல வழி 'கோஹரர்'. ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே இரும்புத் தூள். அலை பட்டால் தூள்கள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை விடும். ஆனால் ஒட்டினது ஒட்டினதுதான். அடுத்த சிக்னலுக்கு முன்னால் குழாயைத் தட்டி உதிர்க்க வேண்டும். கொல்கத்தாவின் ஈரப்பதத்தில் தூள் துருப்பிடித்து வேறு உயிரை வாங்கியது. லண்டனில் ஓடிய கருவி வங்காளத்தில் ஓடவில்லை.

கடலூர்க் கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உப்புக் காற்றில் புது சைக்கிள் செயின் என்ன பாடு படுகிறது என்று தெரியும்.

போஸ் தூளைத் தூக்கிப் போட்டார். சின்னச் சுருள் கம்பிகளை வைத்துப் பார்த்தார். பாதரசத்தில் இரும்பைத் தொடவைத்துப் பார்த்தார். வரிசையாக ஒவ்வொரு உலோகம், ஒவ்வொரு கனிமம் என்று சோதித்துக்கொண்டே போனபோது கையில் சிக்கியது கலீனா. பெயர் புதிதாக இருக்கலாம், பொருள் சாதாரணம். ஈயம் எடுக்கும் தாதுக் கல். ஈயமும் கந்தகமும் சேர்ந்தது, கறுப்பாகப் பளபளக்கும்.

அந்தக் கல்லின் மேல் ஒரு கூரான உலோக முனையை லேசாகத் தொடவைத்தால் போதும். அலை பட்டதும் மின்சாரம் மாறும், அலை நின்றதும் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும். தட்ட வேண்டாம்.

அடுத்து வந்ததுதான் நமக்கு முக்கியம். இந்தக் கல் ரேடியோ அலைக்கு மட்டும் அசையவில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளி, அகச்சிவப்பு, புற ஊதா என எது பட்டாலும் அசைந்தது. ரேடியோ காதும் ஒளிக் கண்ணும் ஒரே கல்லில்! இதற்கு 'தேஜோமீட்டர்' என்று பெயர் வைத்தார். தேஜஸ் என்றால் நமக்கே தெரியும், ஒளி. 5 மில்லிமீட்டர் அலைக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் நீளத்தில் சுமார் பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். இரண்டையும் ஒரே உணரியால் பிடிப்பது, மேக்ஸ்வெல் காகிதத்தில் சொன்னதைக் கையில் தொட்டுப் பார்ப்பது மாதிரி.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. கலீனா உணரிக்கு அவர் போட்ட சுற்றில் ஒரு சின்ன மின்கலம் இருக்கிறது. எனவே அதைப் பேட்டரியே இல்லாத கருவி என்று வாட்ஸ்அப்பில் பரப்பினால் அது பொய். ஆனால் அதே காலத்தில் அவர் செய்த இன்னொன்று இருக்கிறது. அதைப் பற்றி ஏனோ அதிகம் பேசுவதில்லை.

ஒரு வெள்ளிக் கம்பியை எடுத்தார். அதன் ஒரு முனையைத் தட்டித் தட்டிக் குட்டிக் கிண்ணமாக்கினார். கிண்ணத்தின் உட்புறத்தை 15 நொடி புரோமின் ஆவியில் காட்டினார். உள்ளே வெள்ளி புரோமைடு மெல்லிய படலமாகப் படிந்தது, பழைய போட்டோ ஃபிலிமில் இருந்த அதே பொருள். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, மின்சாரத்தை அளக்கும் கால்வனோமீட்டரை இணைத்தார். இருட்டில் இருக்கும் சிறு மின்னோட்டத்தை எதிர் மின்னழுத்தம் கொடுத்துச் சமன் செய்து முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தினார். பிறகு கிண்ணத்துக்குள் வெளிச்சம் விழுந்தது. முள் அசைந்தது.

அந்த அசைவுக்கான மின்சாரத்தை வேறு யாரும் கொடுக்கவில்லை. வெளிச்சமே கொடுத்தது. கிண்ணம் கண் மாதிரி, படலம் விழித்திரை மாதிரி, கம்பி நரம்பு மாதிரி என்று 1902-ல் வந்த தன் நூலில் அவரே ஒப்பிட்டு எழுதினார். ஒரு வெள்ளித் துண்டு, ஒரு மருந்து, கொஞ்சம் தண்ணீர். அவ்வளவுதான் கண்.

மோட்டார் இல்லாமல் பாயும் தண்ணீர்

வெளிச்சம் எப்படி மின்சாரமாகிறது? பெருமாள் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். மதகைத் திறந்தால் தண்ணீர் வாய்க்கால் வழியாக வயலுக்குத் தானே போகிறது. மோட்டார் வேண்டாம். நிலத்தின் சரிவே போதும்.

குறைகடத்திக்குள்ளும் இப்படி ஒரு சரிவை உண்டாக்கலாம். இரண்டு வேறு பொருட்கள் தொடும் இடத்தில், உதாரணமாகக் கலீனா கல்லும் உலோக முனையும் தொடும் புள்ளியில், இயல்பாகவே ஒரு மின்புலம் உருவாகிவிடுகிறது. அதுதான் சரிவு. வெளிச்சம் விழும்போது உள்ளே கட்டுண்டிருந்த எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன. சரிவு அவற்றை ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகிறது. மின்சாரம் கிடைத்துவிட்டது. மாடியில் இருக்கும் சோலார் பேனல் இதே கதைதான்.

போஸுக்கு இந்த விளக்கம் தெரிய வாய்ப்பில்லை. குறைகடத்திக் கோட்பாடு வர இன்னும் முப்பது ஆண்டு ஆகவேண்டும். அவர் பார்த்தது முள் அசைவதை மட்டும்.

நீங்களே பார்க்க ஆசையா? எலக்ட்ரிக் கடையில் சில ரூபாய்க்கு ஒரு சிவப்பு எல்.இ.டி. வாங்குங்கள். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளை அதன் கால்களில் வைத்து நல்ல வெயிலில் காட்டுங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டும். வெளிச்சம் கொடுப்பதற்காகச் செய்த பொருள், வெளிச்சத்தை வாங்கி மின்சாரம் கொடுக்கிறது. கையால் மறைத்து மறைத்து எடுத்தால் மீட்டரில் எண் ஏறி இறங்கும். நீங்கள் ஒளியில் செய்தி அனுப்பிவிட்டீர்கள், பேட்டரி இல்லாத உணரி அதை வாங்கியும்விட்டது.

அப்புறம் ஏன் எல்லா இடத்திலும் இதைப் பயன்படுத்தவில்லை? வேகம்தான் பிரச்சினை. தண்ணீர் தானாகப் பாய்வதற்கும் மோட்டார் வைத்துத் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம். வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுத்தால் சரிவு செங்குத்தாகும், உணரி நொடிக்குப் பல கோடி சிமிட்டல்களைப் பிரித்தறியும். கொடுக்காவிட்டால் மந்தமாகும். அதிலும் சோலார் பேனல் போலப் பரப்பு பெரிதானால் அதுவே மின்சாரத்தைத் தேக்கிவைத்து இன்னும் மந்தமாகும். 2015-ல் ஹாஸின் குழு ஒரு சாதாரண சோலார் பேனலையே உணரியாக்கி நொடிக்குச் சுமார் 12 மெகாபிட் வரை தகவல் வாங்கிக் காட்டியது. வீடியோ பார்க்கத் தாராளம், அதே நேரத்தில் பேனல் கரண்டும் தருகிறது. இந்த வேகத்தைக் கூட்ட வேண்டும், விலையைக் குறைக்க வேண்டும். அதற்குத்தான் பெயின்ட் மாதிரிப் பூசக்கூடிய பொருட்களைத் தேடுகிறார்கள். அந்தப் பட்டியலில் முன்வரிசையில் நிற்கிற ஒன்று, ஈய சல்ஃபைடு. அதாவது போஸின் கலீனாவேதான், இப்போது நானோ துகளாக. ஈயம் நச்சு என்பதால் மாற்றுப் பொருட்களையும் தேடுகிறார்கள்.

கோடீஸ்வரர் நீட்டிய படிவம்

1901 மே மாதம் போஸ் லண்டனில் இருந்தார். ராயல் இன்ஸ்டிட்யூஷனில் உரை. அதற்குச் சற்று முன்பு ஒரு பெரிய தந்திக் கம்பெனியின் முதலாளி அவரைத் தேடி வந்தார். கையில் காப்புரிமைப் படிவம். உரையில் எல்லாவற்றையும் சொல்லிவிடாதீர்கள், காப்புரிமை எடுப்போம், லாபத்தில் பாதி உங்களுக்கு, முதல் போடுவது என் வேலை என்பது பேரம். போஸ் மறுத்துவிட்டார். நண்பர் தாகூருக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சம்பவத்தை விவரித்தார். பணம் என்கிற அந்த இயந்திரத்துக்குள் ஒருமுறை கை மாட்டினால் வெளியே எடுக்க முடியாது என்ற பயம் அவருக்கு.

ஆனால் நண்பர்கள் விடவில்லை. சகோதரி நிவேதிதையும், அமெரிக்கரான சாரா புல் அம்மையாரும் வற்புறுத்தி, 1901 செப்டம்பர் 30-ல் அமெரிக்காவில் விண்ணப்பம் போடவைத்தார்கள். 1904 மார்ச் 29-ல் கலீனா உணரிக்குக் காப்புரிமை கிடைத்தது. எண் 755,840. குறைகடத்திக் கருவி ஒன்றுக்கு உலகில் கிடைத்த முதல் காப்புரிமையாகப் பலரும் இதைக் குறிப்பிடுகிறார்கள். கிடைத்த பிறகு போஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதில் ஒரு பைசா சம்பாதிக்கவில்லை. காலாவதியாக விட்டுவிட்டார்.

மார்க்கோனி திருடிவிட்டார் என்று ஒரு கதை அடிக்கடி ஃபார்வர்டு ஆகும். 1901 டிசம்பரில் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த மார்க்கோனியின் சிக்னலைப் பிடித்தது ஒரு பாதரச உணரி. போஸ் 1899-ல் வெளியிட்ட வடிவமைப்பிலிருந்து வந்ததுதான் அது என்று 1998-ல் ஒரு இந்திய ஆய்வாளர் விரிவாக வாதிட்டிருக்கிறார். அந்த வாதத்துக்கு வலு இருக்கிறது. ஆனால் கடல் கடந்து தந்தி அனுப்பும் தொழிலைக் கட்டியெழுப்பியது மார்க்கோனிதான். போஸுக்கு அந்தத் தொழிலில் ஆசையே இருந்ததில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனவர் வீட்டில் திருட்டு என்று சொல்வது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

காப்புரிமையை விட்டது பெரிய நஷ்டம் என்றும் நான் நினைக்கவில்லை. அந்த ஆராய்ச்சியையே விட்டாரே, அதுதான் நஷ்டம். கலீனாவை அவர் கைகழுவியபோது இந்தியாவில் அதைத் தொடர ஆள் இல்லை. சத்யேந்திர நாத் போஸ், மேகநாத் சாஹா இருவரும் அவர் வகுப்பில் படித்தவர்கள்தான். அவர்கள் வேறு பாதையில் உலகப் புகழ் பெற்றார்கள். கலீனாவோ வெளிநாட்டில் 'கிரிஸ்டல் ரேடியோ' ஆகி வீட்டுக்கு வீடு போனது. ஒரு கல், ஒரு கம்பி, ஒரு ஹெட்போன். ஏரியலில் விழும் அலையின் சக்தியிலேயே பாடும் ரேடியோ. உண்மையிலேயே பேட்டரி கேட்காதது.

கருவிக்கு வந்த களைப்பு

ஏன் விட்டார்? காரணம் சுவாரஸ்யமானது. உணரிகளைத் தொடர்ந்து வேலை வாங்கினால் அவை மந்தமாவதைக் கவனித்தார். கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்தால் தேறிவிட்டன. தசை களைப்பது மாதிரியே கோடு வந்தது. உலோகத்துக்கும் களைப்பா? அப்படியானால் உயிருள்ளதுக்கும் இல்லாததுக்கும் நடுவே கோடு எங்கே? இந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. செடிகளுக்குப் போனார், தொட்டாற்சிணுங்கிக்குப் போனார், திரும்பி வரவே இல்லை.

1901 ஜூனில் ராயல் சொசைட்டியில் இதைச் சொன்னபோது உடலியல் அறிஞர்கள் எரிச்சலானார்கள். அன்றைய பெருந்தலையான பர்டன் சாண்டர்சன் எழுந்து, இயற்பியல்காரருக்கு எங்கள் துறையில் என்ன வேலை என்கிற தொனியில் எதிர்த்தார். கட்டுரை அச்சேறவில்லை. அடுத்த ஆண்டு லின்னியன் சொசைட்டி அதை ஏற்றது. செடியின் வளர்ச்சியைப் பல ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் பிறகு வந்தது. 1920-ல் அதே ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

1915-ல் கல்லூரியிலிருந்து ஓய்வு. 1917 நவம்பர் 30, தன் பிறந்தநாளில், கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் திறந்தார். இங்கே கண்டுபிடிப்பது எல்லாம் பொதுச்சொத்து, காப்புரிமை எடுக்கப்படாது என்று அன்றே அறிவித்தார். அந்தத் திறப்பு உரையை, அப்போது புதுச்சேரியில் இருந்த பாரதியார் 'ஜீவ வாக்கு' என்ற பெயரில் தமிழாக்கினார். 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லை தாண்டி வந்ததும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டாரே, அந்தக் காலத்து பாரதிதான். வங்காளத்து ஆய்வகச் செய்தி அவ்வளவு சீக்கிரம் நம்ம பக்கம் வந்து சேர்ந்திருக்கிறது.

போஸின் முன்னுரிமையை மேற்குலகம் ஒப்புக்கொள்ள 1955 ஆனது. டிரான்சிஸ்டர் கண்டுபிடித்த மூவரில் ஒருவரான பிராட்டைன், சக விஞ்ஞானி பியர்சனோடு சேர்ந்து குறைகடத்தி வரலாற்றை எழுதியபோது, ரேடியோ அலையைப் பிடிக்கக் குறைகடத்திப் படிகத்தை முதலில் பயன்படுத்தியவர் போஸ் என்று பதிவு செய்தார். வெள்ளிக் கிண்ணத்துக்கு அந்த மாதிரிப் புகழ் இன்னும் வரவில்லை.

1937 ஜூலை 20-ல் மார்க்கோனி ரோமில் இறந்தபோது உலகெங்கும் வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் ஒலிபரப்பை நிறுத்தி மௌனம் காத்தன. நான்கு மாதம் கழித்து, நவம்பர் 23-ல், கிரிடி என்ற சிற்றூரில் ஜகதீஷ் சந்திர போஸ் இறந்தார். இன்னும் ஏழு நாள் இருந்திருந்தால் 79 வயது நிறைந்திருக்கும். அவர் கையால் செய்த மில்லிமீட்டர் அலைக் கருவிகளை கொல்கத்தாவில் அவர் தொடங்கிய நிறுவனத்தில் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.